வாரத்தில் நாலு நாள் மாத்திரை: ஒற்றைத் தலைவலி பற்றி ஒரு மருந்துக்கடைக்காரியின் பதில்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். வயது 33. கல்லூரி நாட்களிலிருந்தே தலைவலி. ஒரு பக்கப் பொட்டில் தொடங்கி விண்விண்ணென்று தெறிக்கும், கூடவே குமட்டல், வெளிச்சம் ஆகாது, வாந்தி எடுத்தால் கொஞ்சம் தேவலை. முன்பெல்லாம் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை வந்தது, இரண்டாவது குழந்தைக்குப் பிறகு கூடிவிட்டது. கண்ணாடி மாற்றியாகிவிட்டது, சைனஸ் என்று ஆவி பிடித்தாகிவிட்டது, மூளை ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது. எல்லாம் நார்மல். இப்போது வாரத்தில் நாலு நாள் மாத்திரை போடாமல் வேலைக்குப் போக முடிவதில்லை. நிரந்தரத் தீர்வு உண்டா, வீட்டு வைத்தியம் ஏதாவது இருக்கிறதா? இதுதான் கேள்வி.

நான் மருத்துவர் இல்லை. மருந்தாளுநர். கும்பகோணம் பக்கத்தில் நானும் என் கணவரும் மருந்துக்கடை வைத்திருக்கிறோம், 22 வருடமாகிறது. ஒற்றைத் தலைவலி அதற்கும் முன்பிருந்தே என்னோடு இருக்கிறது. அதனால் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவளாகவும் அந்தப் பக்கம் நிற்பவளாகவும் சேர்ந்தே பதில் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதில் ஸ்கேன், சைனஸ் எல்லாவற்றையும் தாண்டி என் கண் போய் நின்ற இடம் 'வாரத்தில் நாலு நாள் மாத்திரை'. மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 16, 17 நாள். என் கணிப்பு சரியென்றால் உங்களுக்கு இப்போது இருப்பது ஒரு தலைவலி இல்லை, இரண்டு. ஒன்று நீங்கள் கல்லூரியிலிருந்து கூட்டிவந்த ஒற்றைத் தலைவலி. இன்னொன்று அதற்குப் போட்ட மாத்திரையே கொண்டுவந்தது. இரண்டாவதைச் சரிசெய்யாமல் முதலாவதற்கு என்ன வைத்தியம் பார்த்தாலும் பெரிதாக ஒட்டாது. அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

அதற்கு முன் சைனஸ் விஷயத்தை முடித்துவிடலாம். நம் ஊரில் தலைவலிக்கு மூன்று பட்டங்கள் உண்டு: சைனஸ், பித்தம், கண் பவர். நெற்றியும் கன்னமும் கனத்து, மூக்கில் நீர் ஒழுகினால் 'தலையில் நீர் கோத்துக்கொண்டது' என்போம். ஆனால் ஒற்றைத் தலைவலியிலேயே மூக்கடைப்பும் கண்ணில் நீரும் வரும், அந்த நரம்புகள் அப்படி இணைந்திருக்கின்றன. 2004-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் 'எனக்கு சைனஸ் தலைவலி' என்று நம்பிக்கொண்டிருந்த, அல்லது மருத்துவரே அப்படிச் சொல்லியிருந்த 2,991 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலிக்குரிய அறிகுறிகள். உண்மையான சைனஸ் தொற்றில் காய்ச்சல், கெட்டியான மஞ்சள் சளி, மூக்கில் வாடை தெரியாமல் போவது எல்லாம் சேர்ந்து இருக்கும். மாதத்துக்கு நாலு தடவை வந்து, ஒன்றிரண்டு நாளில் தானாகப் போய்விடும் சைனஸ் தொற்று கிடையாது.

பித்தம் என்ற பட்டத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மஞ்சளாக வாந்தி எடுத்ததும் வலி இறங்குவதைப் பார்த்துத்தான் 'பித்தம் தலைக்கேறிவிட்டது' என்று நம் பாட்டிமார் முடிவு கட்டினார்கள். பார்த்தது சரி, காரணம்தான் வேறு. வலி வந்ததும் இரைப்பை வேலை செய்வதைக் குறைத்துக்கொள்கிறது, சாப்பிட்டது அப்படியே நிற்கிறது. அதனால்தான் குமட்டல். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரை பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

பெயரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். ஒற்றைத் தலைவலி என்றாலும் நிறையப் பேருக்கு இரண்டு பக்கமும் வலிக்கும். மருத்துவர்கள் பார்ப்பது இதைத்தான்: மருந்து இல்லாமல் விட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கிறதா, நடந்தால், மாடிப்படி ஏறினால் கூடுகிறதா, துடிக்கிறதா, குமட்டல் உண்டா, வெளிச்சமும் சத்தமும் ஆகவில்லையா. நீங்கள் சொன்னது அச்சாகப் பொருந்துகிறது. இதற்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. ஸ்கேன் நார்மல் என்றால் வேறு நோய் இல்லை என்றுதான் அர்த்தம், வலி பொய் என்று அர்த்தமில்லை. வீட்டில் 'எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் என்ன' என்று கேட்கிறார்களே, அவர்களுக்கும் இதைக் காட்டுங்கள்.

உள்ளே என்னதான் நடக்கிறது? மூளைக்கு வலி தெரியாது. மூளையைப் போர்த்தியிருக்கும் உறைக்கும் அதன் ரத்தக் குழாய்களுக்கும் தெரியும். அங்கே போகும் டிரைஜெமினல் என்ற நரம்பு தூண்டப்பட்டதும் சி.ஜி.ஆர்.பி. போன்ற ரசாயனங்களைக் கொட்டுகிறது. குழாய்கள் விரிகின்றன, அந்த இடம் புண்போல் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு நாடித் துடிப்பும் வலியாகத் தெரிவது அதனால்தான். ஆனால் தொடக்கம் இதற்கும் முந்தியது. வலிக்கு ஒருநாள் முன்பே சிலருக்குக் கொட்டாவி கொட்டாவியாக வரும், பிடரி இறுகும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், இனிப்பு தேடும். எனக்குக் கொட்டாவிதான். கடையில் நான் நாலாவது கொட்டாவி விட்டால் என் கணவர் ட்யூப் லைட்டை அணைத்துவிடுவார்.

சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணில் மின்னும் வளைந்து நெளிந்த கோடுகள் தெரியும், இதற்கு ஆரா என்று பெயர். கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் தனக்கு வந்த இந்தக் கோடுகளைத் தாளில் வரைந்து, நேரம் குறித்து, மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று 1941-இல் எழுதினார். தலைவலியை வைத்துக்கொண்டு இப்படிக் கணக்குப் போட ஒரு மனம் வேண்டும்! 1944-இல் பிரேசில்காரர் லியாவ் அதே வேகத்தில் நகரும் மின் அலையை முயலின் மூளையில் பார்த்தார். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆரா வரும் பெண்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை போட்டால் பக்கவாத அபாயம் கூடும். உங்களுக்குக் கோடுகள் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியும் என்றால் மகப்பேறு மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சரி, மாத்திரைக்கு வருவோம்.

எனக்கு 30 வயதுவாக்கில் கை நீட்டினால் மாத்திரை. கடையே நம்முடையது, யார் கேட்கப் போகிறார்கள்? காலையில் எழும்போதே பிடரியில் ஒரு கனம், 'இது பெரிதாவதற்குள் போட்டுவிடுவோம்' என்று ஒன்று. மதியம் இன்னொன்று. ஒரு கட்டத்தில் வலிக்குப் போட்டேனா, வலி வந்துவிடுமோ என்ற பயத்துக்குப் போட்டேனா என்று எனக்கே தெரியாது. தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, 'மாதத்துக்கு எத்தனை நாள் மாத்திரை போடறீங்க?' ஊருக்கெல்லாம் அட்டை அட்டையாக வெட்டிக்கொடுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. 'ஒரு பத்து இருக்கும்' என்றேன். 'எழுதி வெச்சுட்டு அடுத்த மாசம் வாங்க' என்று அனுப்பிவிட்டார். மாதக் காலண்டரில் வட்டம் போட்டுப் பார்த்தேன். 23 வட்டம்.

இதற்கு மருந்து மிகைப்பயன்பாட்டுத் தலைவலி என்று பெயர். கணக்கு இது: பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போல தனி மருந்து என்றால் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான், எர்காட்டமின், பலமான வலி மருந்தான டிரமடால், அல்லது இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரை என்றால் 10 நாளோ அதற்கு மேலோ. இப்படி 3 மாதத்துக்கு மேல் போனால் மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்குகிறது. கவனியுங்கள், எண்ண வேண்டியது நாட்களை. ஒரே நாளில் இரண்டு போட்டாலும் ஒரு நாள்தான். தினம் பாதி மாத்திரை என்று 'கம்மியாக'ப் போடுவதுதான் மோசம். முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் தினம் மாத்திரை போடுபவர்களுக்கு இது பெரும்பாலும் வருவதில்லை, ஒற்றைத் தலைவலிக்காரர்களைத்தான் இது பிடித்துக்கொள்கிறது.

நீங்கள் போடுவது பாராசிட்டமாலும் கஃபீனும் கலந்தது, முடியாத நாட்களில் எர்காட்டமின், கஃபீன், பாராசிட்டமால், வாந்தி மருந்து நாலும் கலந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே 10 நாள் கணக்கில் வருபவை. அந்த நாலு கலவை மாத்திரை எங்கள் கடைக்கு வந்து பெயர் சொல்லி, சீட்டு இல்லாமல் கேட்கப்படும் மருந்துகளில் ஒன்று. நான் சீட்டு இல்லாமல் தருவதை நிறுத்தி வருடங்களாகிறது. எதிர்க்கடைக்குப் போகிறவர்கள் போகட்டும். எர்காட்டமின் ரத்தக் குழாயை இறுக்கும் மருந்து. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தால் கைகால் விரல்களுக்கு ரத்தம் போகாத அளவுக்குக்கூட இறுக்கிவிடும்.

இதிலிருந்து வெளியே வரும் வழி கேட்க எளிது, செய்யக் கஷ்டம். மிகையாகப் போடும் மருந்தை நிறுத்த வேண்டும். சாதாரண வலி மாத்திரை, டிரிப்டான், எர்காட்டமின் என்றால் பெரும்பாலும் ஒரேயடியாக நிறுத்தச் சொல்வார்கள். டிரமடாலோ தூக்க மாத்திரையோ சேர்ந்திருந்தால் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான். நிறுத்திய முதல் 2 முதல் 10 நாள் தலைவலி முன்பைவிடக் கூடும். வாந்தி, தூக்கமின்மை, படபடப்பு எல்லாம் வரும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் திரும்பிப் போகிறார்கள், 'பார்த்தீங்களா, மாத்திரை இல்லாம முடியல' என்று. எனக்கு நாலாவது நாள் அப்படித்தான் இருந்தது. அம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன், கடைச் சாவி கையில் இல்லாமல் இருக்கட்டும் என்று. இரண்டாவது வாரம் ஒரு காலை கனமில்லாமல் எழுந்தேன். அடுத்த இரண்டு மாதத்தில் 23 வட்டம் 9 ஆனது.

நீங்களாகத் தனியே செய்யாதீர்கள். அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கும் வாரமாகப் பார்த்து, மருத்துவரிடம் சொல்லி, தடுப்பு மருந்தை அதே நேரத்தில் தொடங்கி, அந்தப் பத்து நாளுக்கு வாந்தி மருந்தும் இடைக்கால மருந்தும் வாங்கிக்கொண்டு செய்யுங்கள். காபியையும் மெதுவாகக் குறையுங்கள். மாத்திரையிலும் கஃபீன், டம்ளரிலும் கஃபீன், இரண்டையும் ஒரே நாளில் வெட்டினால் அது தனித் தலைவலி.

தடுப்பு மருந்து என்றால் வலி வந்தபின் போடுவது அல்ல. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் சாப்பிட்டு, வருகிற தடவைகளைக் குறைப்பது. மாதத்தில் நாலு நாளுக்கு மேல் முடங்கினாலே இதைப் பற்றிப் பேசலாம். உங்களுக்கு எப்போதோ தொடங்கியிருக்க வேண்டும். யாருக்கு எது என்பது கூட இருக்கும் மற்ற நோய்களைப் பொறுத்தது. புரோப்ரனலால் இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வந்த மருந்து, நெஞ்சுவலிக்குப் போட்டவருக்குத் தலைவலியும் குறைந்ததை 1960-களில் தற்செயலாகக் கவனித்தார்கள். ஆஸ்துமா இருந்தால் ஆகாது. அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் இரவில் தருவார்கள், தூக்கம் சரியில்லாதவர்களுக்கு நல்லது, வாய் உலரும், எடை ஏறலாம். சீட்டில் இது 'டிப்ரஷன் மருந்து' என்று இணையத்தில் பார்த்துவிட்டு எங்கள் கடையில் திருப்பித் தந்தவர்கள் உண்டு. அளவு வேறு, நோக்கம் வேறு. ஃப்ளுனரிசின் நம் ஊரில் நிறைய எழுதுகிறார்கள். எடையும் சோர்வும் கூடும், ஏற்கனவே மனச்சோர்வு இருந்தால் சொல்லிவிட வேண்டும். டோபிரமேட் எடையைக் குறைக்கும், விரல் மதமதக்கும், பேசும்போது சொல் சிக்காமல் நிற்கும். டோபிரமேட்டும், இதே தடுப்புக்குத் தரும் வால்ப்ரோயேட்டும் கருவைப் பாதிப்பவை. இன்னொரு குழந்தை யோசனை இருந்தால், அல்லது வந்துவிடக்கூடும் என்றால்கூட, வாய் திறந்து சொல்லுங்கள். கேட்காமல் எழுதிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எதுவானாலும் 6 முதல் 8 வாரம் ஆகும் வேலை தெரிய. பத்து நாளில் 'கேட்கல' என்று நிறுத்தியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கேட்டால் ஆறு மாதம், ஒரு வருடம் தொடர்ந்துவிட்டுக் குறைப்பார்கள். சி.ஜி.ஆர்.பி. என்றேனே, அதையே தடுக்கும் ஊசிகள் 2018 முதல் உலகச் சந்தையில் இருக்கின்றன, மாதம் ஒரு ஊசி என்ற கணக்கில். நன்றாக வேலை செய்கின்றன, விலைதான் நம் வீட்டுக் கணக்குக்கு எட்டாது. மாதத்தில் 15 நாளுக்கு மேல் தலைவலி உள்ளவர்களுக்கு போட்டாக்ஸ் ஊசியும் உண்டு.

இதெல்லாம் சரி, வலி வருகிற அன்று என்ன செய்வது? நாட்கள் குறைவாக இருக்க வேண்டும், ஆனால் போடுகிற அன்று சீக்கிரம் போட வேண்டும், போதுமான அளவு போட வேண்டும். நம் ஆட்கள் இரண்டையும் தலைகீழாகச் செய்கிறோம். நிறைய நாள் போடுகிறோம், போடுகிற அன்று 'தாங்கிப் பார்ப்போம்' என்று மூன்று மணி நேரம் காத்திருந்து ஒரே ஒரு 500 போடுகிறோம். அதற்குள் இரைப்பை நின்றுவிடும், உள்ளே போன மாத்திரை அப்படியே கிடக்கும். அதனால்தான் டாம்பெரிடோன் அல்லது மெட்டோகுளோப்ரமைடு சேர்த்துத் தருகிறார்கள். வாந்தியை நிறுத்துவதோடு இரைப்பையைத் தள்ளியும் விடுகிறது. வயது வந்தவருக்கு ஈரல் கோளாறு இல்லையென்றால் பாராசிட்டமால் 1000 மில்லிகிராம், அல்லது வயிற்றுப்புண், சிறுநீரகப் பிரச்சினை இல்லையென்றால் ஐபுப்ரோஃபென் 400 அல்லது நாப்ராக்சன் 500, லேசாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு. இவை கேட்காதவர்களுக்கு டிரிப்டான் வகை: சுமட்ரிப்டான், ரைசட்ரிப்டான். இவை 1990-களில் வந்தபோது பலர் வாழ்க்கை மாறியது, என் வாழ்க்கை உட்பட. இதய நோய், பக்கவாதம், கட்டுக்குள் இல்லாத பிரஷர் இருந்தால் ஆகாது. எர்காட்டமின் போட்ட 24 மணி நேரத்துக்குள் போடக் கூடாது. புரோப்ரனலால் சாப்பிடுகிறவர்களுக்கு ரைசட்ரிப்டான் அளவைப் பாதியாக்குவார்கள். கண்ணில் ஆராக் கோடுகள் தெரியும்போது போடாமல் வலி தொடங்கியதும் போடுங்கள். முதல் தடவை நெஞ்சில் லேசான இறுக்கம் வந்து பயமுறுத்தலாம், எனக்கு வந்தது, சற்று நேரத்தில் போய்விட்டது. இறுக்கம் பலமாக இருந்தால் சும்மா இருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

வாரத்துக்கு இரண்டு நாள் என்பது என் கோடு. மூன்றாவது நாள் வந்தால் இருட்டறை, பனிக்கட்டிப் பை, சுக்கு. அதற்கும் அடங்காமல் கிடந்தால் மருத்துவரிடம். காலண்டரில் இரண்டு குறி போதும்: வலித்த நாளுக்குக் கோடு, மாத்திரை போட்ட நாளுக்கு வட்டம். மாதவிலக்கு நாளையும் குறித்துவிட்டால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாள் வரைக்குள் மாதாமாதம் வருகிறதென்றால் அது ஈஸ்ட்ரோஜன் இறங்குவதால் வருவது. அந்த ஐந்தாறு நாளுக்கு மட்டும் நாப்ராக்சன் போல ஒன்றைத் தரும் முறை தனியாகவே இருக்கிறது.

எதனால் வருகிறது என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் தருவார்கள். நூறு பொருளை விட்டுவிட்டு வாழ வேண்டியதில்லை. சாக்லேட் தின்றால் வருகிறது என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. வலி உள்ளே தொடங்கியபின்தான் இனிப்பு தேடுகிறது, நாம் தின்றுவிட்டு அதன்மேல் பழி போடுகிறோம். உண்மையாகவே நம் வீடுகளில் வேலை காட்டுபவை பட்டினி, தூக்கம் மாறுவது, உச்சி வெயில், மூக்கைத் துளைக்கும் வாசனை, தலைக்குக் குளிப்பது.

கடைசியாகச் சொன்னதை வெளிநாட்டு மருத்துவப் புத்தகங்களில் தேடினால் கிடைக்காது. மும்பைத் தலைவலி நிபுணர் கே. ரவிசங்கர் 2006-இல் தலைக்குக் குளித்தால் ஒற்றைத் தலைவலி வரும் 94 இந்திய நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதுவரை நாம் சொன்னால் யார் நம்பினார்கள்? நீண்ட கூந்தல், குளிர்ந்த தண்ணீர், மணிக்கணக்காக ஈரம், அதோடு வெள்ளிக்கிழமை பூஜை முடியும்வரை வெறும் வயிறு. வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் கடைக்கு வரும் பெண்களைப் பார்த்தே நான் கிழமை சொல்வேன். எண்ணெய் தேய்ப்பதை விட வேண்டியதில்லை. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து, ஈரத்தோடு துண்டு கட்டிக்கொண்டு திரியாமல் உடனே உலர்த்துங்கள். சாம்பிராணிப் புகையை மட்டும் என்னால் சேர்க்க முடியாது, வாடையே சிலருக்கு வலியைக் கிளப்பும். எனக்கு ஊதுபத்தி, என் நாத்தனாருக்கு மல்லிகைப்பூ.

விரதத்தில் மாமியாரோடு சண்டை என்று எழுதியிருக்கிறீர்கள். சஷ்டிக்குப் பாலும் பழமும் எடுத்துக்கொள்ளும் முறை இருக்கிறது, தண்ணீரும் நிறையக் குடியுங்கள். நோன்பு மாதத்தின் முதல் சில நாட்களில் எங்கள் கடைக்கு வரும் இஸ்லாமியப் பெண்களுக்கும் இதே கதைதான், காபி நின்றதும் சேர்ந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை தூங்கினாலும் வரும், ஏனென்றால் தூக்கம் குறைந்தது கூடியது இரண்டுமே மாற்றம்தான்.

வீட்டு வைத்தியத்தில் சுக்கு உரசிப் பற்றுப் போடுவதும், நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் நீர்க்கோவை மாத்திரையை இழைத்துப் பூசுவதும், தைலம் தேய்ப்பதும் எரிச்சலும் குளிர்ச்சியும் கொடுத்து வலியை மறக்கடிப்பவை. தாராளமாகச் செய்யலாம், கண்ணில் படாமல். சுக்குக் காபி குமட்டலுக்கு நிஜமாகவே நல்லது. வேண்டுமென்றே விரல் விட்டு வாந்தி எடுக்காதீர்கள். மெக்னீசியம், ரைபோஃப்ளேவின் 400 மில்லிகிராம் என்று சத்து மாத்திரைகளையும் மருத்துவர்கள் எழுதுவதுண்டு, சிலருக்குக் கொஞ்சம் குறைக்கிறது. ரைபோஃப்ளேவின் போட்டால் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகும், மஞ்சள் காமாலை என்று பயந்து ஓடி வருவார்கள். டெல்லி எய்ம்ஸில் மருந்தோடு யோகாவையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020-இல் வந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட, சேர்த்துச் செய்தவர்களுக்குத் தடவைகளும் மாத்திரைகளும் அதிகம் குறைந்தன. மருந்தை விட்டுவிட்டு யோகா என்று அதில் யாரும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

எப்போது வீட்டில் இருக்கக் கூடாது? இடி விழுந்த மாதிரி ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் பலமிழப்பு, பேச்சுக் குழறல், வலிப்பு, தலையில் அடிபட்டபின் வருவது, 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்குவது, கர்ப்ப காலத்திலும் பிரசவமான சில வாரங்களிலும் வரும் புதுவிதத் தலைவலி. இதில் எது இருந்தாலும் என்னைப் போன்றவளிடம் மாத்திரை கேட்டு நிற்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

நிரந்தரமாகப் போகுமா என்றால், இந்தத் தன்மை உடம்பிலேயே இருப்பது, பெரும்பாலும் பரம்பரை. கர்நாடகத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தபோது வயது வந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அந்த ஒரு வருடத்தில் ஒற்றைத் தலைவலி இருந்தது தெரியவந்தது; பெண்களுக்குத்தான் அதிகம். அதனால் வேரோடு பிடுங்கும் லேகியம் வைத்திருக்கிறேன் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள். மாதத்துக்கு 17 நாள் என்பது 3 நாள் ஆவது சாத்தியம். கர்ப்ப காலத்தின் பிற்பாதியில் பலருக்கு விட்டுப்போகும், மாதவிலக்கு நின்றபின் பலருக்கு அடங்கும். எனக்கு இப்போது 49, மாதம் இரண்டு வட்டம்.

கடைசி வரியில் மகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள்: ஒன்பது வயது, அவ்வப்போது தொப்புளைச் சுற்றி வயிற்றுவலி, முகம் வெளுத்துப் போகிறாள், பஸ்ஸில் ஏறினால் வாந்தி, ஸ்கேனில் ஒன்றுமில்லை, பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறாளோ என்று சந்தேகம். நடிக்கவில்லை என்றே நினைக்கிறேன். சிறு பிள்ளைகளுக்கு ஒற்றைத் தலைவலி வயிற்றில் தொடங்குவதுண்டு, அம்மாவுக்கு இருந்தால் இன்னும் சாத்தியம். குழந்தை மருத்துவரிடம் உங்கள் தலைவலியையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதைச் சொல்லாவிட்டால் அவருக்கு அந்தப் பக்கம் யோசனை போகாது. காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். பாராசிட்டமால் எடைக்குத் தகுந்த அளவில்தான், ஆஸ்பிரின் கூடவே கூடாது, உங்கள் மாத்திரையில் பாதி உடைத்துக் கொடுப்பதும் கூடாது.